பங்குமனைக்கு வரும் விருந்தாளி: முசலிக் கரையை முன்வைத்து ஒரு முறைசார் ஆய்வு

விருந்தாளி என்பவர், தமக்கென்று ஒரு துவாயும் தலைகாணியும் இல்லாத வீட்டில் குறைந்தது ஓரிரவு தங்குபவர். பங்குமனை என்பது, இரண்டாவது துவாயோ தலைகாணியோ இல்லாத ஒரு குருவானவர் குடியிருக்கும் வீடு. இவ்விரண்டும் ஒரே முற்றத்தில் சந்திக்கும்போது நிகழ்வனவற்றை முறைப்படி வகுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கு விருந்தாளி என்னும் வகைக்குள் நண்பர்கள் மட்டுமே அடங்குவர். ஆயரின் வருகை சேராது. அது முன்கூட்டியே தேதியிடப்பட்டு, மாலையும் வரவேற்புரையும் கொண்டு, பகலுணவோடு முடிந்துவிடும். தொண்டு நிறுவனத்தாரும் சேரார்; அவர்கள் தண்ணீர்ப் போத்தலைத் தாங்களே கொண்டுவந்து, படமெடுத்து, இருட்டுமுன் மன்னார் நகரின் குளிரூட்டிய அறைக்குத் திரும்பிவிடுவர். வில்பத்திலிருந்து இரவில் வரும் யானையும் முன்னறிவிப்பின்றி வந்து உள்ளதைத் தின்று செல்வதே எனினும், அது நட்பின் பேரில் வருவதில்லை என்பதால் விலக்கப்பட்டது. எஞ்சுபவர் கூடப் படித்தவர்கள். குருமடத்தில் ஒரே வகுப்பிலிருந்து பாதியில் வெளியேறி, இப்போது கொழும்பில் வங்கி வேலை பார்க்கும் ஒருவர் இவ்வகைக்குச் சிறந்த மாதிரி. அவரோடு மனைவியும், மனைவியின் தங்கை குடும்பமும் வருவர்.

களம்

அநுராதபுரத்தைத் தொட்டு வரும் அருவியாறு அரிப்புக்கு அருகே கடலில் சேர்கிறது. அங்கிருந்து தெற்கே வில்பத்துக் காடு வரை நீளும் மன்னார்ப் பெருநிலக் கரையே முசலிப் பிரதேசம். அரிப்பு, கொக்குப்படையான், முள்ளிக்குளம் ஆகியவை கத்தோலிக்க ஊர்கள். சிலாவத்துறை, கொண்டச்சி, பொற்கேணி, பாலைக்குழி, கரடிக்குழி, மறிச்சுக்கட்டி முதலியவை முஸ்லிம் ஊர்கள். திரிகால மணியும் மஃரிப் பாங்கும் சில நாள்களில் ஒரே நேரத்தில் காற்றில் வரும். மழை வடகீழ்ப் பருவத்தில் சில மாதம் மட்டும். மற்றக் காலத்தில் செம்மண்ணும் முட்பற்றையும் சோளகக் காற்றும்.

விருந்தாளிக்கு இந்தப் புவியியல் தெரிவதில்லை. அவர் மனத்தில் மன்னார் என்பது ஒரு தீவு. தீவுக்கு வந்துவிட்டால் எல்லாம் பக்கம். "மச்சான், மன்னார்ப் பாலத்தடிக்கு வந்திட்டம், இன்னும் அஞ்சு நிமிசந்தானே?" என்று தொலைபேசியில் கேட்பவர், வந்த வழியே திரும்பித் தெற்கே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஓட வேண்டும். புத்தளத்திலிருந்து கடலோரமாக எலுவன்குளம் வழியே நேரே வந்துவிடலாம் என்று வரைபடம் பார்த்துச் சொல்பவர் இன்னும் ஆபத்தானவர். அந்தப் பாதை வில்பத்துத் தேசிய பூங்காவை ஊடறுப்பது. நீதிமன்ற வழக்குக்கு உள்ளானது, கலா ஓயாவின் வெள்ளத்துக்கும் உட்பட்டது. அது மூடியிருந்தால் அநுராதபுரம், மதவாச்சி என்று அரை வடமத்திய மாகாணத்தைச் சுற்றித்தான் வரவேண்டும்.

முன்வரலாறு

முசலிக் கரையில் பதிவாகியுள்ள மிகப் புகழ்பெற்ற விருந்தாளி ரொபேட் நொக்ஸ். கண்டி அரசனிடம் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டிருந்து, ஸ்டீபன் ரட்லண்ட் என்னும் தோழரோடு தப்பி, ஆற்றங்கரையைப் பிடித்து நடந்து, 1679 ஒக்டோபர் 18ஆம் திகதி சனிக்கிழமை பின்னேரம் நாலு மணியளவில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்துசேர்ந்தார். நாளையும் நேரத்தையும் அவரே எழுதிவைத்துள்ளார். முன்னறிவிப்பில்லாமல், சனிக்கிழமை பின்னேரம், கையை வீசிக்கொண்டு வருவது என்னும் மரபுக்கு முசலியில் முந்நூற்று நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்துச் சான்று உண்டு என்பதே இங்கு கருதத்தக்கது. ஒல்லாந்தர் அவரை வரவேற்று, பின் மன்னார்க் கோட்டைக்கு அனுப்பினர். தாங்க முடியாத விருந்தாளியை அடுத்த பெரிய நிலையத்துக்குக் கடத்திவிடும் வழக்கமும் இங்கிருந்தே காணப்படுகிறது. இன்று அதன் பெயர் "மடுக் கோயிலுக்கும் ஒருக்காப் போயிட்டுப் போங்கோ" என்பது.

அடுத்த சான்று கட்டடம். ஆங்கிலேய ஆளுநர் பிரடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்புக் கடலோர மேட்டில் தூண்கள் நிறுத்திய ஒரு மாளிகையைக் கட்டுவித்தார். முத்துக்குளிப்பு நடக்கும் வாரங்களில் ஆளுநர் வந்து தங்கிப் பார்வையிட ஒரு வீடு. வருடத்தில் மிச்ச மாதங்களில் அதற்கு வேலை இல்லை. விருந்தினர் அறையை முதலில் கட்டிவிட்டு, வீட்டைக் கட்டாமலே விட்ட உலகின் அரிய எடுத்துக்காட்டுகளில் இதுவும் ஒன்றாகலாம். கிரேக்கத் தூண் பாணியின் பெயரால் ஆங்கிலேயர் அதை டொரிக் என்றனர். ஊரவர் அதைப் பொருட்படுத்தாமல் அல்லிராணிக் கோட்டை என்று வழங்கி, அருச்சுனனை மணந்ததாகக் கதையில் வரும் அல்லிக்கு உரிமையாக்கினர். கடல் அரித்து, சுவர்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்துகொண்டிருக்கின்றன.

சலாபம் எனப்படும் முத்துக்குளிப்புக் காலங்களில் இக்கரைக்கு வந்தவர் பல்லாயிரம். தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை மரக்காயர், பாரசீக வளைகுடா அரபியர், வட்டிக்கடைச் செட்டியார்கள் எல்லோருக்கும் ஓலைக் கொட்டில் நகரம் ஒன்று மணலில் எழும். அதற்கு நீதிமன்றமும் ஆசுப்பத்திரியும் சிறைக்கூடமும் உண்டு. 1906இல் மறிச்சுக்கட்டியில் அரசாங்கச் சேவையிலிருந்த இளைஞர் லெனார்ட் வுல்ஃப், பின்னாளில் எழுத்தாளர் வெர்ஜீனியாவின் கணவர், சிப்பி எண்ணும் வேலையில் இருந்து அந்த அழுகல் நாற்றத்தையும் சேர்த்தே நினைவுகூர்ந்தார். இவர்கள் யாவரும் முத்துக்காக வந்தவர்கள். நண்பரைப் பார்ப்பதற்கென்று முசலிக்கு ஆள் வருவது மிகப் பிற்காலத்து வளர்ச்சி. அதற்குரிய ஓலைக் கொட்டிலை எந்த அரசும் கட்டித் தருவதில்லை.

தங்கும் காலம் பற்றிய சட்டநூல்கள்

விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம் என்பதைப் பற்றி நூலோர் கருத்து ஒன்றல்ல. ஆதித் திருச்சபையின் ஒழுங்குநூலான திதாக்கே, 1873இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது, மிகக் கறாரானது. ஊருக்கு வரும் அப்போஸ்தலரை ஆண்டவரைப் போலவே ஏற்க வேண்டும். ஆனால் அவர் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டாம் நாளும் தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் அவர் போலித் தீர்க்கதரிசி என்பது அதன் தீர்ப்பு. புறப்படும்போது பணம் கேட்டாலும் அதே தீர்ப்பு. நபிமொழி சற்று இளக்கமானது: விருந்தோம்பல் மூன்று நாள், அதற்கு மேல் கொடுப்பது தருமக் கணக்கில் சேரும், வீட்டுக்காரருக்குச் சங்கடம் வரும்வரை தங்குதல் ஆகாது. அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் இடையே ஒரு நாள் வேறுபாடு இருப்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் முழுதும் ஒதுக்கி, பத்துக் குறளிலும் வீட்டுக்காரரின் கடமையையே பேசினார். நாள் வரம்பு விதிக்கவில்லை. செல்லும் விருந்தை அனுப்பிவிட்டு வரும் விருந்தை எதிர்பார்ப்பவரைப் பற்றி 86ஆம் குறளில் சொல்வதால், விருந்தாளி என்றோ ஒருநாள் போவார் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது என்று மட்டும் கொள்ளலாம். ஆறாம் நூற்றாண்டில் மடங்களுக்கு ஒழுங்கு வகுத்த புனித ஆசீர்வாதப்பர் அனுபவசாலி. விருந்தினர் எந்த நேரத்தில் வருவர் என்று சொல்ல முடியாது, வராமல் இருப்பதும் இல்லை என்று கண்டு, துறவிகளின் அமைதி குலையாதபடி விருந்தினருக்குத் தனிக் குசினியே வைக்கச் சொன்னார். முசலிப் பங்குமனைகளில் ஒரு குசினிக்கே கூரை ஒழுகும் என்பதால் இவ்விதி நடைமுறைக்கு வரவில்லை.

ஆப்பிரிக்க மிசன் வீடுகளின் வரலாறு வேறு வகையான எச்சரிக்கைகளைத் தருகிறது. தென்னாப்பிரிக்கக் குருமானில் ரொபேட் மொஃபட் தம்பதியின் மிசன் வீட்டுக்கு 1841இல் டேவிட் லிவிங்ஸ்டன் விருந்தாளியாக வந்தார். 1844இல் சிங்கம் கடித்த கை ஆற மறுபடியும் வந்து தங்கினார். 1845 ஜனவரியில் அந்த வீட்டின் மூத்த மகளையே மணந்துகொண்டார். 1871இல் உஜிஜியில் அதே லிவிங்ஸ்டன் வீட்டுக்காரராக இருந்தபோது, அவருக்கென்று வந்த சரக்குகளைப் பொறுப்பாளரே விற்றுத் தீர்த்திருந்தார். தேடிவந்த ஸ்டான்லிதான் உணவும் மருந்தும் கடிதங்களும் கொண்டுவந்து வீட்டுக்காரரைப் போஷித்தார். விருந்தாளி சாமான் கொண்டுவருவது நல்லது என்ற கருத்துக்கு இது வலுவான ஆதாரம். ஸ்டான்லி வரும்வரை உஜிஜியில் லிவிங்ஸ்டனைச் சாகவிடாமல் வைத்திருந்த அவ்வூர் வீடுகளின் பெயர்கள் பள்ளிப் புத்தகங்களில் ஏறவில்லை. இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு அது தேவைப்படும் செய்தி.

மூன்று நாள் விதிக்கு முசலி அறிந்த மிகப் பெரிய விலக்கு 1990 ஒக்டோபரில் தொடங்கியது. வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது முசலியின் முஸ்லிம் ஊர்கள் சில நாள்களில் வெறுமையாயின. சனம் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் போய் இறங்கிற்று. பெரும்பாலோர் திரும்பத் தொடங்கியது 2009இல் போர் முடிந்த பிறகே. முதல் மூன்று நாள் சோறு போட்ட புத்தளத்து வீடுகள் நாலாம் நாளும் போட்டன. பிறகு உரசல்கள் எழாமலில்லை, ஆனாலும் பிள்ளைகள் அங்கேயே படித்து, அங்கேயே கல்யாணமும் முடித்தனர். முள்ளிக்குளத்தார் 2007இல் இடம்பெயர்ந்தனர். ஊர் கடற்படை முகாமானதால், போர் முடிந்த பின்னும் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் போட்டு இருக்க நேர்ந்தது. ஆக, முசலியில் இன்று விருந்து படைப்பவர்களில் அனேகர் தாமும் நீண்டகாலம் விருந்தாளியாக இருந்து பார்த்தவர்கள். பங்குமனையிலிருந்து பாய் கேட்டு ஆள் வந்தால் "எத்தினை?" என்ற கேள்வி மட்டும் வருவதும், "ஏன்?" என்ற கேள்வி வராததும் இதனால்தான்.

அறிவிப்பும் வருகையும்

தூரம் கூடக்கூட முன்னறிவிப்பும் நீளும் என்பது முதல் விதி. ரொறன்ரோவிலிருந்து வருபவர் ஆறு மாதத்துக்கு முன் சொல்லி, மாதாமாதம் நினைவூட்டுவார். கொழும்புக்காரர் முதல்நாள் இரவு சொல்வார். மன்னார் நகரிலிருந்து வருபவர் படலையில் நின்று ஹோர்ன் அடிப்பதே அறிவிப்பு. இரண்டாம் விதி தொகை பற்றியது. "நாலு பேர்தான்" என்றால் அதில் பிள்ளைகள் சேரவில்லை, மாமியார் சேரவில்லை, வான் சாரதி ஒருபோதும் சேர்வதில்லை. சாரதியை விட்டுவிட்டு எண்ணுவது பெருந்தவறு. வந்த கூட்டத்தில் பசியோடு சாப்பிடுபவரும், கறியைப் படம் எடுக்காதவரும், திரும்பிப் போகும் நேரத்தைத் தீர்மானிப்பவரும் அவரே.

புகையிரதத்தில் வருபவர் தனி வகை. 1990இல் அறுந்த தலைமன்னார்ப் பாதை 2015இல் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு, கொழும்புக் கோட்டையில் இரவு ஏறி முருங்கனில் இறங்கலாம். அங்கிருந்து சிலாவத்துறைக்குப் பஸ் உண்டு. ஆனால் விருந்தாளி இறங்கும் நேரமும் பஸ் புறப்படும் நேரமும் ஒத்துப்போவதாக இல்லை. பங்குத்தந்தையின் மோட்டார் சைக்கிள் ஒருவரை ஏற்றும். மற்றவர்களுக்காக அயல் பங்கின் பிக்கப் வாகனம் தேவை. அதற்கு டீசல் தேவை. டீசலுக்கு மூப்பரின் மருமகன் தேவை. இப்படி, விருந்தாளி முருங்கன் மேடையில் கால் வைக்குமுன்பே மூன்று வீட்டார் நித்திரை விட்டெழுந்திருப்பர். விருந்தாளிக்கு இது தெரியாது. "உனக்கு வாகனமும் இருக்கு, வசதியாத்தான் இருக்கிறாய்" என்று அவர் வழியில் சொல்வார்.

தண்ணீர்

முசலிக் கரையோரத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் சவர். குடிக்க ஒரு தண்ணீர், குளிக்க ஒரு தண்ணீர் என்று வீட்டுக்கு வீடு பிரிவினை உண்டு. நல்ல தண்ணீர் பவுசரில் வரும், அல்லது ஊருக்குள் இருக்கும் நல்ல கிணற்றிலிருந்து கானில் வரும். இந்தப் பிரிவினை விருந்தாளிக்கு விளங்க ஒரு முழு நாள் பிடிக்கும். அதற்குள் குடிக்கும் தண்ணீரில் முகம் கழுவி, குளிக்கும் தண்ணீரில் தேத்தண்ணி போட்டிருப்பார். சவர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்காததால் இன்னும் கொஞ்சம் போடுவார்; போகாததால் இன்னும் கொஞ்சம் அள்ளுவார். பங்குமனையில் ஒரு பரல் தண்ணீர் ஒருவருக்குப் பல நாள் வரும் என்பதும், அதே பரல் கொழும்பிலிருந்து வந்த பதினாறு வயதுப் பெண்பிள்ளை ஒருவரின் தலைமுடிக்கு ஒருநேரமே வரும் என்பதும் அவதானிப்பால் அறியப்பட்டவை.

தண்ணீரைச் சிக்கனமாகப் பாவிக்கும்படி விருந்தாளியிடம் சொல்லலாமா என்பது அறவியல் கேள்வி. சொன்னால் நட்பு வற்றும். சொல்லாவிட்டால் பரல் வற்றும். நடைமுறையில் பங்குத்தந்தை தாம் குளிப்பதை நிறுத்திவிடுவதே மூன்றாவது வழியாகக் கைக்கொள்ளப்படுகிறது. அந்தச் செய்தி சமையல்கார அம்மா வழியாக ஊருக்குப் போய், மறுநாள் காலையில் யாரோ இரண்டு கான் நல்ல தண்ணீரைப் படலையடியில் வைத்துவிட்டுப் போயிருப்பர்.

உணவு

விருந்தின் பெரும்பகுதி கறி ஆதலால் இந்தப் பகுதி நீளும். நண்பர்கள் கிழமைக் கடைசியில் வருவர். அல்லது போயா விடுமுறையோடு சேர்த்து வருவர். இரண்டுமே தவறான நாள்கள். போயா அன்று நாடெங்கும் இறைச்சிக் கடைகளும் சாராயக் கடைகளும் பூட்டு. கத்தோலிக்க மீனவர் ஞாயிறு தொழிலுக்குப் போவதில்லை; ஆகவே அரிப்புக்காரர் வலை காய்கிற நாளில்தான் விருந்தாளி "கடலுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு மீன் இல்லையோ?" என்று கேட்பார். முஸ்லிம் தொழிலாளர் வெள்ளி ஜும்மாவுக்குக் கரையில் நிற்பர். ஆகவே வெள்ளி மீன் அரிப்பிலிருந்தும், ஞாயிறு மீன் சிலாவத்துறையிலிருந்தும் வரும் என்று பங்குமனை வழக்கில் ஓர் ஏற்பாடு உருவாகியிருக்கிறது. இதை யாரும் எழுதிவைக்கவில்லை, யாரும் கூட்டம் கூட்டித் தீர்மானிக்கவில்லை. இரு மதத்தாரின் ஓய்வுநாள்கள் வேறு வேறாக அமைந்ததன் பயனை இவ்வளவு தெளிவாகக் கண்டவர் பங்குமனைச் சமையல்கார அம்மாவைத் தவிர வேறெவரும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியான மேசையை எடுத்துக்கொண்டு அதன் மூலங்களை ஆராயலாம். பாரைமீன் குழம்பு: சிலாவத்துறை முதலாளி ஒருவர் கொடுத்தது, "பாதர், எத்தன பேரு?" என்று கேட்டு, சொன்ன தொகைக்கு மேல் இரண்டு மீன் சேர்த்து ரெஜிபோம் பெட்டியில் ஐசோடு அனுப்பியது. கணவாய்ப் பிரட்டல்: சனி இரவே அரிப்புச் சம்மாட்டியார் வீட்டில் எடுத்து வைத்தது. நண்டு: மாதா சபைத் தலைவி கொண்டுவந்தது, அவர் கொண்டுவந்ததை அறிந்து, உபதலைவி கொண்டுவந்த இன்னொரு சட்டி நண்டு. திருக்கை வறை: சமையல்கார அம்மாவின் சொந்தக் கைவேலை, சொந்தக் காசு. சோறு: கட்டுக்கரைக் குளத்துப் பாய்ச்சலில் விளைந்து, அறுவடையின்போது கோயிலுக்கு வந்த நெல். கரமல் புடிங்: கன்னியர் மடத்துச் சகோதரிகள். வட்டிலப்பம்: பொற்கேணியில் நேற்று ஒரு கல்யாணம். தட்டுகள் பாலர் பாடசாலைக்கு உரியவை. ஓரத்தில் முயல் படம் இருக்கும். பங்குத்தந்தையின் பங்களிப்பு எதுவென்று தேடினால், உணவுக்கு முன் சொல்லப்பட்ட செபம் எஞ்சும்.

இதிலிருந்து பெறப்படும் முடிவு இவ்வாய்வின் மையக் கருத்தாகும். விருந்தோம்புபவர் எனப் பெயர் பெறும் பங்குத்தந்தை, உண்மையில் விருந்தளிக்கும் ஊருக்கும் அதை உண்ணும் நண்பருக்கும் இடையிலுள்ள வாசற்படி மட்டுமே. நன்றி முழுவதும் அவருக்கு வந்துசேரும். செலவு முழுவதும் ஊரில் பரவியிருக்கும். இதைப் புரிந்துகொண்ட விருந்தாளிகள் குறைவு. சிலர் மேசையைப் பார்த்து, "தனி ஆளுக்கு இவ்வளவு சாப்பாடோ, இதுக்குத்தான் நானும் சாமியாராப் போயிருக்க வேணும்" என்று சொல்லிச் சிரிப்பர். அந்த வங்கி நண்பர் இதைச் சொல்லும்போது அவருடைய மனைவி சிரிப்பதில்லை என்பதும் பதியத்தக்கது.

ஊர் ஏன் இதைச் செய்கிறது என்பதற்கு மரியாதை, பக்தி என்று காரணம் சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. மறுபாதி, பங்குத்தந்தையின் நண்பர்கள் பட்டினி கிடந்து திரும்பினால் வெட்கப்பட வேண்டியவர் பங்குத்தந்தை அல்லர். அரிப்பார் சோறு போடவில்லை என்றுதான் வெளியே கதை போகும். முஸ்லிம் அயலவர் சிலர் கல்யாண வீட்டுக்கே வரச்சொல்லி, சஹனைச் சுற்றி நண்பர்களை உட்கார்த்திவிடுவதும் உண்டு. ஒரே தட்டில் ஆறுபேர் கைவைத்துண்ணும் அந்த ஏற்பாட்டில், தமக்கெனத் தனித் தட்டுக் கேட்கும் விருந்தாளியே அன்றைய காட்சிப் பொருள் ஆவார். நோன்பு மாதத்தில் பகலில் சிலாவத்துறைக் கடைகளில் தேத்தண்ணி கிடைக்காது. ஆனால் மாலையில் நோன்புக் கஞ்சி வாளியோடு பங்குமனைக்கே வரும். தவக்கால வெள்ளியில் வரும் விருந்தாளிக்கு இறைச்சி இல்லை. இரண்டும் ஒன்றாக வரும் ஆண்டுகளில் நண்பர்கள் சித்திரைக்குப் பிறகு வருவது எல்லோருக்கும் நல்லது.

படுக்கை

ஆண்கள் விறாந்தையில் பாயில், பெண்கள் கன்னியர் மடத்தில், சாரதி வானில். நுளம்பு வலை ஒன்றுதான், அது குழந்தைக்கு. கரண்ட் போனால் எல்லோரும் முற்றத்துக்கு வருவர்.

காட்சி

விருந்தாளி பார்க்க வந்தது நண்பரை. வந்த முதல் மணித்தியாலத்திலேயே நண்பரைப் பார்த்து முடிந்துவிடும், பிறகு "இங்க பாக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்ற கேள்வி பிறக்கும். அல்லிராணிக் கோட்டைக்குப் போய், இடிந்த சுவரில் ஏறக்கூடாது என்று சொல்லி, ஏறியவர்களை இறக்கி, திரும்ப ஒன்றரை மணித்தியாலம். அடுத்த நாள் மன்னார்த் தீவு. அங்கே பள்ளிமுனையில் பெருக்க மரம் இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கு உரிய மரம், அரபு வணிகர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்வர். அடிமரத்தைக் கட்டிப்பிடிக்கப் பலர் கைகோக்க வேண்டும். வீதியில் திரியும் கழுதைகளின் மூதாதையரும் ஆப்பிரிக்கக் காட்டுக் கழுதைகளே. ஆகவே கொழும்பிலிருந்து மன்னாரைப் பார்க்க வரும் நண்பர்கள் படமெடுத்துக்கொண்டு போவதில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவே என்பது ஆய்வாளரின் தாழ்மையான கருத்து. வங்காலைக் கரையில் பூநாரை நிற்கும் காலமானால் நடுவழியில் வாகனம் இன்னுமொரு தரம் நிற்கும்.

இந்தச் சுற்றுலா முழுவதற்கும் வழிகாட்டி பங்குத்தந்தையே. அவர் ஒரு மாதத்துக்கு முன் வந்த நண்பருக்கும் இதையே காட்டியிருப்பார். பெருக்க மரத்தின் வயதைச் சொல்லும்போது அவர் குரலில் தென்படும் சலிப்பை விருந்தாளி தியானம் என்று எடுத்துக்கொள்வார். இதற்கிடையில் பங்கில் ஒரு சாவீடு விழுந்தால், அந்த வீட்டார் பங்குத்தந்தைக்குத் தொலைபேசி எடுக்குமுன் "ஆக்கள் வந்திருக்கினம், கொஞ்சம் பொறுப்பம்" என்று தமக்குள் பேசிக்கொள்வர். ஊர் கொடுத்த விருந்தில் மிகப் பெரிய கறி அந்தப் பொறுமைதான். அது மேசைக்கு வராது.

புறப்பாடு

புறப்படுதல் மூன்று முறை நடக்கும். முதல் முறை சொல்லும்போது. இரண்டாம் முறை பைகளை வானில் ஏற்றிய பின், "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று யாரோ கொண்டுவரும்போது. மூன்றாவது முறை உண்மையானது. கருவாட்டுப் பார்சல் இந்த இரண்டாம் மூன்றாம் இடைவெளியில்தான் வந்துசேரும். பேப்பரில் சுற்றி, பொலித்தீனில் போட்டு, அதற்கு மேல் இன்னொரு பொலித்தீன். விருந்தாளி அதை வானின் பின்னால் வைக்கச் சொல்வார். அநுராதபுரம் தாண்டுமுன் அதன் இருப்பு முன் இருக்கைக்கும் தெரிந்துவிடும். கறி வேண்டாம், கருவாடு மட்டும் போதும் என்று கேட்கும் பழகிய விருந்தாளிகளும் உளர். அவர்கள் சாக்கு கொண்டே வருவர்.

விருந்தாளி கொண்டுவந்தவை பிறகுதான் கணக்கிற்கு வரும். கொழும்பு நண்பர் பெரிய கேக் ஒன்றும் பிஸ்கற் பெட்டிகளும் கொண்டுவந்திருப்பார். ரொறன்ரோக்காரர் கொண்டுவந்த சொக்லேற் முருங்கன் வெயிலில் உருகி, பிறகு குளிர்சாதனப் பெட்டியில் இறுகி, கடற்பாசி போன்ற வடிவம் பெற்றிருக்கும். இவை பங்குமனையில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. காரணம், விருந்துக்கு வந்த சட்டிகளும் கோப்பைகளும் திரும்பிப் போகவேண்டும். தமிழ் வீடுகளில் கறி வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. கேக் துண்டுகள் சம்மாட்டியார் சட்டியில் ஏறும். பிஸ்கற் மாதா சபைத் தலைவியின் கிண்ணத்திலும், அதே அளவு பிஸ்கற் உபதலைவியின் கிண்ணத்திலும் ஏறும். சொக்லேற் ரெஜிபோம் பெட்டியில் சிலாவத்துறைக்குப் போகும். முயல் படத் தட்டுகளோடு பாலர் பாடசாலைக்கும் ஒரு பங்கு. தாம் ஊருக்குக் கொண்டுவந்த பரிசு ஊருக்கே போய்ச் சேர்ந்தது என்பதை அறியாமல், நண்பர் கொழும்பிலிருந்து "கேக் சாப்பிட்டியோ?" என்று கேட்டு எழுதுவார், நல்லாயிருந்தது என்று பதில் போகும்.

பாத்திரங்களை அடையாளம் காண அடியில் நகப்பூச்சால் இடப்பட்ட எழுத்துகள் உதவும். இருந்தும், ஒவ்வொரு பங்குமனையிலும் உரிமையாளர் தெரியாத சட்டி ஒன்றாவது அலுமாரிக்கு மேலே இருக்கும். கோயில் முடிந்து கேட்டுப் பார்த்தாலும் ஒருவரும் கைதூக்கார். மாற்றலாகிப் போகும் பங்குத்தந்தை, வரப்போகிறவரிடம் ஒப்படைக்கும் சாமான் பட்டியலில் அதையும் சேர்த்துவிட்டுப் போவார்.